விழித்திருக்கும் கணினி, பூட்டியிருக்கும் திரை

கணினி தூங்குவது வேறு, திரை அணைவது வேறு, திரை பூட்டிக்கொள்வது வேறு. தூக்கம் என்பது மற்ற உறுப்புகள் வேலையை நிறுத்திவிட, நினைவகத்துக்கு மட்டும் சிறிது மின்சாரம் ஓடுகிற நிலை. திரை அணைவது வெறும் விளக்கணைப்பு. உள்ளே வேலை நடந்துகொண்டேயிருக்கும். பூட்டு என்பது கடவுச்சொல்லோ விரல் ரேகையோ இல்லாமல் யாரையும் உள்ளே விடாத நிலை. விழித்திருக்கும் கணினி பூட்டியிருக்கலாம்; தூங்கி எழுந்த கணினி பூட்டாமலும் இருக்கலாம். ஆனால் மூன்றுக்கும் காரணம் ஒன்றே: யாரும் சிறிது நேரம் விசைப்பலகையையோ மவுஸையோ தொடவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக அவை நடப்பதால் பாவனையாளர் கண்ணுக்கு ஒரே செயல்போலத் தெரிகின்றன. கணினியைத் தூங்கவிடாத செயலிகளைப் பற்றிய குழப்பத்தில் பெரும்பகுதி இந்த மயக்கத்தில்தான் தொடங்குகிறது.

தேயிலை ஸ்டோரை, அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையை, அறிந்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. பகலில் எடுத்த கொழுந்து ஸ்டோருக்கு வந்ததும் வாட்டும் தொட்டிகளில் பரப்பப்படும். பொதுவாக 12 முதல் 18 மணி நேரம் விசிறிகள் காற்றை ஊதி ஈரத்தைக் குறைத்த பின்னரே அது உருட்டும் யந்திரத்துக்குப் போகும். எனவே ஸ்டோர் இரவெல்லாம் ஓடும். அதற்காகத் தூள் அடுக்கிய அறையின் கதவை யாரும் திறந்துபோட்டு வைப்பதில்லை. உள்ளே யந்திரம் விழித்திருக்கும். வாசலில் பூட்டும் காவலும் இருக்கும். தூங்கவிடாத செயலி ஒன்றிடம் கேட்க வேண்டியதும் இந்த ஒழுங்குதான்.

பூட்டும் தூக்கமும் வெவ்வேறு தேவைகளுக்காகப் பிறந்தவை. 1980களின் குழாய்த் திரைகளில் ஒரே எழுத்து நெடுநேரம் நின்றால் அதன் வடு திரையின் ஒளிர்பூச்சில் நிரந்தரமாகப் படிந்துவிடும். 1983 டிசெம்பரில் ‘சொஃப்ட்டோக்’ இதழில் ஜோன் சோச்சா வெளியிட்ட ஒரு சிறு நிரல், ஐ.பி.எம். கணினியை 3 நிமிடம் தொடாமல் விட்டால் திரையை இருட்டாக்கியது. திரைக்காப்பின் கதை அங்கே தொடங்குகிறது. அப்போது அதில் பாதுகாப்பு என்ற எண்ணமே இல்லை. 1992இல் வந்த விண்டோஸ் 3.1 திரைக்காப்புக்குக் கடவுச்சொல் வைக்க இடம் தந்தது. அதே ஆண்டு அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் எனர்ஜி ஸ்டார் திட்டத்தைத் தொடங்கி, சும்மா இருக்கும் கணினி மின்சாரம் தின்னக்கூடாது என்றது. 1996 டிசெம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தொஷிபா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. என்ற நெறிமுறை, விழிப்பிலிருந்து முழு அணைப்புவரை எஸ்0 முதல் எஸ்5 வரையான நிலைகளை வகுத்தது. திரையைக் காப்பது, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது, அந்நியரைத் தடுப்பது ஆகிய மூன்று நோக்கங்களும் ‘எத்தனை நிமிடம் தொடவில்லை’ என்ற ஒரே கணக்கில் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கணினி தூங்கக்கூடாத நேரங்கள் மலையகத்தில் நிறையவே உண்டு. தோட்டத்து ஆபிசில் 10ஆம் திகதிச் சம்பளத்துக்கு முன்னைய இரவு செக்ரோல் எனும் வரவு-சம்பள ஏட்டின் கணக்கை ஓடவிட்டு, நூற்றுக்கணக்கான சம்பளச் சீட்டுகளை அச்சுக்கு அனுப்பும்போது அது நடுவில் தூங்கினால் மறுநாள் காலை வரிசை நீளும். மலைமடிப்பில் சிக்னல் மெலிந்த இடத்தில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பு இறங்க ஓர் இரவு பிடிக்கலாம். கொழும்பு தேயிலை ஏலம் 1883இல் தொடங்கிக் குரலெழுப்பிக் கூறியே நடந்து வந்தது. பெருந்தொற்று ஊரை அடைத்தபோது, 2020 ஏப்ரலில் அது கணினித் திரைக்கு மாறியது. ஏலம் ஓடும்போது விலை பார்ப்பவரின் திரை அணைந்தால் அடுத்த தொகுதி கைநழுவிவிடும்.

இந்தச் செயலிகளின் பெயர்களில் ஒரு வேடிக்கை உண்டு. மக் கணினிகளுக்கு முதலில் பெயர் பெற்றது ‘கஃபீன்’. பிறகு வந்த ‘அம்ஃபெட்டமின்’ என்ற செயலி அப்பெயருக்காகவே 2020 இறுதியில் அப்பிள் நிறுவனத்தின் நீக்க எச்சரிக்கையைச் சந்தித்தது. 2021 தொடக்கத்தில் நிறுவனம் தன் முடிவை விலக்கிக்கொண்டது. ‘தெயின்’ என்றும் ஒரு செயலி உண்டு. தெயின் என்பது தேயிலையிலிருந்து 1827இல் பிரித்தெடுத்த பொருளுக்கு இட்ட பெயர். 1838இல்தான் அதுவும் 1819இல் கோப்பியிலிருந்து ருங்கே பிரித்த கஃபீனும் ஒன்றே என்று தெளிவானது. உலகத்தின் விழிப்புக்குக் கொழுந்து கிள்ளித் தரும் ஊர்களில், கணினியை விழிக்கவைக்கும் மென்பொருளுக்கும் அதே பெயர் என்பது பொருத்தம்தான்.

பெயரைவிட வழிமுறை முக்கியம். தூக்கத்தைத் தடுக்க நேர்மையான வழி ஒன்று: இயக்கமுறைமையிடம் கேட்பது. விண்டோஸில் ‘செட் திரெட் எக்ஸிகியூஷன் ஸ்டேட்’ என்ற அழைப்பு இதற்கென்றே இருக்கிறது. அதில் ‘கணினி வேண்டும்’ என்பதும் ‘திரை வேண்டும்’ என்பதும் தனித்தனிக் கோரிக்கைகள். இரவில் ஓடும் சம்பளக் கணக்குக்குக் கணினி மட்டும் போதும். யாரும் பார்க்காத திரை எதற்கு? முதலாவதை மட்டும் கேட்கும் செயலி, திரை தன் நேரத்தில் அணைந்து பூட்டிக்கொள்வதில் கை வைப்பதில்லை. இந்த அழைப்பைப் பற்றிய மைக்ரோசொஃப்டின் ஆவணத்திலேயே வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது: பாவனையாளர் தாமாகவே கணினியைத் தூங்கவைப்பதை இதைக் கொண்டு தடுக்க முடியாது, மடிக்கணினியின் மூடியை மூடும்போதும் மின்பொத்தானை அழுத்தும்போதும் அவர் எதிர்பார்ப்பதைச் செயலிகள் மதிக்க வேண்டும், திரைக்காப்பு ஓடுவதை இது நிறுத்தாது. விண்டோஸ் 7இலிருந்து வந்த மற்றோர் அழைப்பில் காரணத்தையும் எழுதிக் கொடுக்கலாம். எந்தச் செயலி எதற்காகத் தூக்கத்தைத் தடுக்கிறது என்பதைப் பிறகு யாரும் கேட்டறியலாம்.

மக் கணினியில் 2012இன் மவுண்டன் லயன் பதிப்பிலிருந்து ‘கஃபினேட்’ என்ற கட்டளை கூடவே வருகிறது. அதிலும் கணினியின் தூக்கத்தைத் தடுப்பதற்கு ஒரு குறி, திரையின் தூக்கத்தைத் தடுப்பதற்கு வேறு குறி. இன்னொரு குறி, பாவனையாளர் இப்போது இங்கே இருக்கிறார் என்று கணினிக்கு அறிவிப்பது. இரவு வேலைக்கு அதைத் தொடவே கூடாது. மக்கில் தானாகப் பூட்டுவது திரை அணைவதையோ திரைக்காப்பு தொடங்குவதையோ ஒட்டி நடப்பதால், திரையை விழிக்கவைத்தவர் பூட்டையும் தள்ளிப்போட்டவராகிறார். இது பலருக்குத் தெரியாமலே நடக்கும் தவறு.

லினக்ஸில் சிஸ்டம்டி என்ற அடித்தள மென்பொருள் இந்தக் கோரிக்கைகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று தூக்கத்தை முற்றாகத் தடுப்பது. மற்றது சிறிது தாமதம் மட்டும் கேட்பது. வழக்கமான உச்சவரம்பு 5 விநாடி. அந்தச் சிறு தாமதத்தை அதிகம் வேண்டுவது பூட்டும் மென்பொருள்தான். கணினி தூங்கப் போகிறது என்ற செய்தி கிடைத்ததும் அது திரையைப் பூட்டி முடித்துவிட்டு ‘இனித் தூங்கலாம்’ என்று விடும். இல்லாவிட்டால் கணினி எழும் கணத்தில் பழைய திரை, திறந்திருந்த கணக்கோடு, ஒரு மின்னலாகத் தோன்றி மறையும். தூக்கத்தைத் தடுக்கும் வசதியைப் பூட்டுக்காகவே பயன்படுத்துகிற இந்த அமைப்பு, இத்துறையில் கண்ட நுட்பமான வேலைகளில் ஒன்று.

மூன்று முறைமைகளுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு. கோரிக்கை, கேட்ட செயலியோடு பிறந்து அதனோடு சாகும். செயலி முடிந்தாலோ பழுதாகி விழுந்தாலோ தடை தானாக நீங்கிக் கணினி பழைய ஒழுங்குக்குத் திரும்பும். பாவனையாளர் வகுத்த அமைப்பில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. மைக்ரோசொஃப்டின் பவர்டோய்ஸ் தொகுப்பில் 2021இல் சேர்ந்த ‘அவேக்’ இவ்வழியில் நடக்கிறது. அது மின்சார அமைப்புகளைத் திருத்துவதில்லை. திரை விழித்திருக்க வேண்டுமா என்பதைத் தனியாகக் கேட்கிறது. கால எல்லை வைக்கவும், குறிப்பிட்ட நிரல் முடியும்வரை மட்டும் என்று கட்டவும் இடம் தருகிறது.

நேர்மையற்ற வழி, ஆள் இருப்பதுபோல நடிப்பது. விண்டோஸுக்கான ‘கஃபீன்’ என்ற ஒரு பழைய சிறு செயலி 59 விநாடிக்கு ஒரு முறை எஃப்15 என்ற விசையை அழுத்தியதுபோலக் காட்டும். அந்த விசை சாதாரண விசைப்பலகையில் கிடையாது. ஆகவே எதுவும் கெடாது என்பது எழுதியவரின் கணக்கு. கெடுவது வேறு. தொடாத நேரத்தை எண்ணும் கடிகாரம் நிமிடத்துக்கு ஒரு முறை பூச்சியத்துக்குத் திரும்புகிறது. தூக்கத்தோடு பூட்டும் வராமல் போகிறது. மவுஸை இலேசாக அசைக்கும் ‘ஜிக்ளர்’ கருவிகளும் செய்வது இதையே. 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, விசைப்பலகை வேலை நடப்பதுபோலப் போலியாகக் காட்டியதற்காக 12க்கு மேற்பட்ட ஊழியர்களை விலக்கியது செய்தியானது. அங்கே பேசப்பட்டது வேலை நேரத்தைப் பற்றி. ஆள் இல்லாத மேசையில் கணினி பூட்டாமல் இருந்தது என்ற மறுபக்கத்தை அதிகம் பேர் பேசவில்லை.

மலையகத்தில் இதைப் புரியவைக்க ஒரு சொல் போதும்: பேர், அதாவது ஒரு நாள் வேலைக்கான பதிவு. காலையில் ஆளெடுக்கும் பெரட்டுக்கு வந்தவருக்குப் பேர், பாதியில் போனவருக்கு அரைப்பேர். வராதவருக்குப் பேர் போடுவது என்ன குற்றம் என்று தோட்டத்தில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை. ஜிக்ளர் செய்வதும் வராதவருக்குப் பேர் போடுகிற வேலைதான். ‘இன்று இரவு ஸ்டோரில் வேலை இருக்கிறது’ என்று தோட்டத்துரையிடம் சொல்லி அனுமதி வாங்குவது வேறு. செக்ரோலில் பொய்ப் பேர் ஏற்றுவது வேறு.

நடிக்காவிட்டாலும் அமைப்பையே மாற்றிவிடுகிற செயலிகள் மூன்றாவது வகை. ‘ஒருபோதும் தூங்காதே’, ‘கடவுச்சொல் கேட்காதே’ என்று எழுதிவைத்துவிட்டு, வேலை முடிந்ததும் பழையபடி ஆக்குவதாகச் சொல்லும். நடுவில் மின்சாரம் போனால் பழையபடி ஆக்குவது யார்? கணினி மறுபடி எழும்போது பூட்டில்லாமலே எழும். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

தோட்டத்து ஆபிஸ் கணினி ஒன்று பூட்டாமல் கிடப்பதன் கனத்தைச் செக்ரோலின் உள்ளடக்கத்தில் காணலாம். பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், எத்தனை பேர், எத்தனை கிலோ கொழுந்து, முற்பணம், கடன், பிடிப்புகள். பிடிப்புகளில் தொழிற்சங்கச் சந்தாவும் ஒன்று. யார் எந்தச் சங்கத்தில் இருக்கிறார், யார் சென்ற மாதம் சங்கம் மாறினார் என்பது அந்த ஒரு நெடுவரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சங்கத் தேர்வு லயக் குடியிருப்புக்குள்ளேயே உறவையும் பகையையும் தீர்மானிக்கிற இடத்தில் இது வெறும் கணக்கு விவரம் அல்ல. பார்ப்பது ஒருபுறமிருக்க, மாற்றுவதும் எளிது. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் திறந்து கிடக்கும் திரையில் ஒரு பேரை அழித்தால் ஒருவரின் ஒரு நாள் உழைப்பு போய்விடும். யார் அழித்தார் என்று தேடினால் பதிவேடு பெரிய கிளாக்கரின் பெயரைத்தான் காட்டும். உள்ளே நுழைந்திருந்தது அவருடைய கணக்கு.

சட்டமும் இதைத் தொடுகிறது. அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி குற்றம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறர் விவரங்களை வைத்திருப்பவர் அவற்றைப் பத்திரமாகக் காக்க வேண்டும் என்ற பொறுப்பைச் சுமத்துகிறது. நுழைந்தவர் மட்டுமல்ல, கதவைத் திறந்துபோட்டவரும் பதில் சொல்லவேண்டிய காலம் வருகிறது என்பதே இதன் பொருள்.

பொதுக் கணினிகளின் நிலை வேறு. 1990களின் இறுதியில் கொத்மலை சமூக வானொலி யுனெஸ்கோவின் துணையோடு இணையத்தை மலைக்குக் கொண்டு வந்தது. நேயர்கள் கேட்டதை அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடி வானொலியில் விளக்கினார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணையம் பார்க்க வழி செய்யப்பட்டது. பின்னர் 2005 அளவில் அரசு தொடங்கிய ‘நெனசல’ நிலையங்கள் தமிழில் அறிவகம் என்ற பெயரோடு வந்தன. பலர் மாறி மாறி உட்காரும் இத்தகைய கணினியில் பூட்டு பயன்படாது. ஒருவர் பூட்டிவிட்டுப் போனால் அடுத்தவர் உட்கார முடியாது. அங்கே தேவை, தொடாத நேரம் கடந்ததும் முன்னவரின் அமர்வை முடித்து, அவர் விட்டுச்சென்ற கடிதமும் கணக்கும் அடுத்தவர் கண்ணில் படாமல் துடைப்பது. தூங்கவிடாத செயலி அந்தக் கடிகாரத்தையும் குழப்பினால் முன்னவரின் மின்னஞ்சல் பின்னவர் முன் திறந்தபடி நிற்கும். ஆகவே பொதுக் கணினிகளில் இத்தகைய செயலிகளை நிறுவ இடம் கொடுக்காமல் விடுவதே நல்லது.

கைபேசியில் கேள்வி சிறிது எளிது. அன்ட்ரொய்ட் பல ஆண்டுகளாகவே ‘வேக் லொக்’ என்ற கோரிக்கையைத் தருகிறது; ஆனால் அதை அளவின்றிப் பயன்படுத்திப் பற்றரியைக் காலி செய்த செயலிகளால், 2015இன் 6.0 பதிப்பில் ‘டோஸ்’ என்ற கட்டுப்பாடு வந்தது. உலாவிகளிலும் இப்போது வலைப்பக்கம் ஒன்று திரையை விழித்திருக்கக் கேட்கலாம். குரோமில் 2020இலும் சஃபாரியில் 2023இலும் ஃபயர்ஃபொக்ஸில் 2024இலும் இது வந்தது. பக்கம் கண்ணுக்கு மறைந்த கணமே அனுமதி பறிபோகும் என்பது இதன் சிறப்பு. நிகழ்நிலை வகுப்புக்காகச் சிக்னல் தேடி மலையேறிய மாணவருக்கு, பாடம் ஓடும்வரை மட்டும் திரை அணையாமலிருப்பது தேவை. பாடம் மூடியதும் பூட்டு தன் வேலையைப் பார்க்கலாம்.

மின்வெட்டு இந்தக் கணக்குக்குள் இன்னொரு முடிச்சு. லக்சபான, நோர்ட்டன் பிரிட்ஜ், மேல் கொத்மலை என்று நாட்டுக்கு நீர்மின்சாரம் தரும் நிலையங்கள் இந்த மலைகளில்தான் இருக்கின்றன. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம்வரை போனபோது லயங்களும் ஆபிசுகளும் இருளில்தான் கிடந்தன. பற்றரியில் ஓடும் மடிக்கணினியைத் தூங்கவிடாமல் வைத்தால் பற்றரி தீர்ந்து, சேமிக்காத வேலையும் போகும். இதனாலேயே புதிய வகைத் தூக்கமுள்ள விண்டோஸ் மடிக்கணினிகள், பற்றரியில் ஓடும்போது தூங்கும் நேரம் கடந்து 5 நிமிடம் ஆனதும், செயலிகளின் விழிப்புக் கோரிக்கையை ஏற்காமல் விட்டுவிடுகின்றன. கோபிக்க வேண்டாம்; அது முறைமையின் பிழையல்ல.

தூக்கம் எப்போதும் பாதுகாப்பானது என்றும் கொள்ளக்கூடாது. வட்டு முழுவதையும் மறைகுறியாக்கி வைத்தாலும், தூங்கும் கணினியின் நினைவகத்தில் அதன் திறவுகோல் இருந்துகொண்டே இருக்கும். 2008இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நினைவகச் சில்லை மைனஸ் 50 பாகைக்குக் குளிரவைத்து, மின்சாரம் நின்ற பின்னும் நிமிடக்கணக்கில் அதிலிருந்து திறவுகோலை எடுத்துக் காட்டினார்கள். நுவரெலியாவின் தை மாத உறைபனி அதற்குப் போதாது. என்றாலும் கொழும்புக்கு பஸ்ஸில் கொண்டுபோகும் சம்பளக் கணினியைத் தூங்கவைப்பதைவிட, நினைவகத்தை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணையும் உறக்கநிலையில் வைப்பதே மேல்.

சம்பள இரவுக்கான அமைப்பு, இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், சிக்கலானதல்ல. கணினியை மின்னிணைப்பில் வைத்து, ‘கணினி மட்டும்’ என்ற கோரிக்கையைச் செக்ரோல் நிரல் முடியும்வரை என்று கட்டிவிட வேண்டும். திரை 5 நிமிடத்தில் அணையட்டும், அணைந்ததும் பூட்டட்டும். எழுந்து போகும்போது விண்டோஸ் விசையையும் ‘எல்’ விசையையும் சேர்த்து அழுத்திக் கையாலேயே பூட்டிவிட்டால் அந்த 5 நிமிட இடைவெளியும் இல்லை. அச்சு பூட்டிய திரைக்குப் பின்னால் தொடரும். முடிந்ததும் கணினி தானாகத் தூங்கும். பல தோட்டங்களை நடத்தும் நிறுவனமானால், பற்றரியில் செயலிகள் தூக்கத்தைத் தடுக்கலாமா, எத்தனை விநாடியில் எல்லாக் கணினியும் பூட்ட வேண்டும் என்பதைக் குழுக் கொள்கை மூலம் ஓரிடத்திலிருந்தே விதிக்கலாம்.

காலையில் வரும்போது கணினி இன்னும் விழித்திருந்தால் காரணம் தேடவும் வழியுண்டு. விண்டோஸில் நிர்வாகி உரிமையோடு ‘பவர்-சி-எஃப்-ஜி’ கட்டளையில் கோரிக்கைப் பட்டியலைக் கேட்டால், எந்தச் செயலி கணினியை, எது திரையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வரிவரியாகச் சொல்லும். தேவையில்லாததை அங்கேயே தள்ளுபடி செய்யலாம். மக்கில் ‘பிஎம்செட்’ கட்டளை அத்தகைய பட்டியலைக் காட்டும். பட்டியல் காலியாக இருந்தும் திரை பூட்டாமல் நின்றால் அது கேட்டுச் செய்த வேலையல்ல. போலி விசையழுத்தும் செயலியை ஓடும் நிரல்களின் பட்டியலில் பிடித்துவிடலாம். யூ.எஸ்.பி. துளையில் செருகிய ஜிக்ளர் தன்னைச் சாதாரண மவுஸ் என்றே சொல்லிக்கொள்ளும். அதைக் கண்டுபிடிக்க மேசைக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டியதுதான்.